தோள்சீலையும் விசுவாசமும்
தென்திருவாங்கூர்க் கிறிஸ்தவர் பட்ட பாடு

நெசவாளன் தான் நெய்கின்ற துணி எவருடைய தோளில் ஏறும் என்பதை அறியான். காஞ்சியிலே கரைக்கு ஒரு நாடாவும் உடலுக்கு ஒரு நாடாவுமாக ஓட்டிக் கோர்வை நெய்து, சரிகை முந்தானை கூட்டி முடித்த சேலை, தறியைவிட்டு இறங்கியவுடன் நம்மைவிட்டும் போய்விடுகின்றது. அதனை உடுப்பவர் யார், உடுக்கத் தகாதவர் என்று உலகம் யாரை ஒதுக்கிற்று என்னும் வினாக்கள் நம் தறிக்குழியை எட்டுவதில்லை. ஆயினும், உடுத்தும் துணியின் பொருட்டே ஒரு கூட்டத்தார் அடியுண்டு, தம் ஆலயங்கள் எரியக் கண்டு, அத்துன்பத்தினூடேயே தாம் புதிதாய்ப் பற்றிய சமயத்தில் வேரூன்றிய வரலாறு ஒன்று நம் தமிழ்நாட்டின் தென்கோடியில் நிகழ்ந்துள்ளது. நம்முள் பெரும்பாலார் வேறு சமயத்தினர். எனினும் அவ்வரலாறு துணியின் வழியாக நமக்கும் உரியதாகலின், அதனை இவ்விதழில் எழுதத் துணிந்தோம்.

காஞ்சிபுரத்தார்க்குக் கிறிஸ்து மதம் என்றவுடன் பள்ளிக்கூடமே நினைவுக்கு வரும். ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் என்பாரின் பெயர் தாங்கிய பள்ளி நம் நகரில் உள்ளது. அவர் 1837-ம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய பள்ளியே பிற்காலத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வித்தாயிற்று. 1841-ல் அப்பள்ளி மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றபொழுது, ஊரார் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, பள்ளி ஏறக்குறைய வெறுமையாயிற்று. மதம் மாறிய இளைஞர்களும் தாய் தந்தையரையும் சுற்றத்தையும் இழந்தனர். அதுவும் துன்பமே, ஆனால் அது படித்தவரின் துன்பம், அவரவர் தாமே எழுதிவைக்கக் கூடியது. யாம் சொல்லப் புகுந்தது எழுத்தறியாதவர் பட்ட துன்பம்.

அந்நாடு, இன்று கன்னியாகுமரி மாவட்டம் எனப்படும் நிலப்பகுதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி சென்னை இராஜ்யத்தோடு சேரும்வரை மலையாள நாட்டு ஆட்சியின் கீழ் இருந்தன. பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி வாழ்ந்த மக்கள் அங்கே மிகுதி. அக்காலத்து ஆவணங்கள் அவர்களைச் சாணார் என்று எழுதும். பின்னாளில் அவர்கள் தம்மை நாடார் எனவே வழங்கி, அப்பெயரையே அரசும் ஏற்கச் செய்தனர். இவர்க்கும், இவரினும் தாழ்ந்தோர் என்று வைக்கப்பட்ட பறையர், புலையர் முதலியோர்க்கும் வரிகள் பல. தலைக்கு வரி, மரத்துக்கு வரி. அவற்றின்மேல் ஊழியம் என்றொரு கொடுமை. அஃதாவது கூலியின்றி அரசுக்கும் கோயிலுக்கும் அழைத்தபோதெல்லாம் சென்று உழைத்தல். இவை எல்லாவற்றிற்கும் மேலாக நின்றது உடை பற்றிய வழக்கம். மேற்குலத்தார் முன்னிலையில் மார்பை மூடாதிருத்தலே மரியாதை என்பது அந்நாட்டு நியதி. நாயர் குலத்துப் பெண்டிரும் நம்பூதிரிகள் முன்னும் சந்நிதியிலும் மேலாடையை விலக்கவேண்டியிருந்தது. ஆனால் அவர்க்கு அது சில இடங்களில் மட்டும். கீழோர் எனப்பட்ட பெண்களுக்கோ எவ்விடத்தும் எக்காலத்தும். இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி செல்லலாகாது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கோட்டாறு, வடசேரி, இரணியல் என்னும் அந்நாட்டு ஊர்கள் நெசவுக்குப் பெயர் பெற்றவை. மேலாடை மறுக்கப்பட்ட பெண்கள் தறியோசை கேட்கும் தொலைவிலேயே வாழ்ந்தனர்.

இனிக் கிறிஸ்து மதம் அங்கே புகுந்த வகையைக் கூறுவாம். புரொடெஸ்டாண்டு சபையைப் பொறுத்தவரை அதனைக் கொண்டுவந்தவர் வெள்ளையர் அல்லர். மயிலாடி என்னும் ஊரிலே சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர், 18-ம் நூற்றாண்டின் முடிவில் சிதம்பர யாத்திரை போனவர், மனநிறைவின்றித் திரும்பும் வழியில் தஞ்சையில் உறவினரிடத்துத் தங்கி, அங்கே கோலாஃப் என்னும் போதகரின் சொற்கேட்டு ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு மீண்டு உறவினர்க்குத் தாம் கேட்டதைச் சொன்னார். தம் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று வருந்தி வேண்டினார். அதன் பயனாக 1806-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தொபியாஸ் ரிங்கல்தௌபே என்னும் பிரஷ்ய தேசத்தார் திருவாங்கூர் எல்லைக்குள் வந்தார். ஆலயம் கட்ட அரசின் அனுமதி எளிதில் கிட்டவில்லை. திவான் வேலுத்தம்பியின் கலகம் எழுந்து அடங்கிய பின்னரே, 1809-ல் மயிலாடியில் முதல் ஆலயம் எழுந்தது. அக்கலகத்தின்போது வேதமாணிக்கமும் அவரைச் சார்ந்தோரும் உயிருக்கு அஞ்சி மலையில் ஒளிந்திருந்தனர் என்பர்.

ரிங்கல்தௌபே விந்தையான மனிதர். தம் சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1816-ல் உடல் நலிந்து நாட்டைவிட்டு அகன்றபோது, நீண்ட கடற்பயணத்துக்கு முதுகில் ஒரு மேற்சட்டைகூட இல்லாமல் சென்னையில் வந்து நின்றார் என்று அவரைக் கண்டவர் எழுதியுள்ளனர். அதன்பின் அவர் சென்றவிடம் ஒருவர்க்கும் தெரியாமற் போயிற்று. மேலாடைக்காகப் போராடப்போகும் ஒரு மக்கட்கூட்டத்தின் முதற் போதகர் மேலாடை இல்லாமலே மறைந்தார்!

அவரிடத்துப் போற்றத்தக்க குணம் பிறிதொன்று, உண்மை சொல்லுதல். தம்மிடம் வந்து சேர்ந்தவருள் ஆன்ம நலங்கருதி வந்தவர் மிகச் சிலரே என்றும், மற்றையோர் பலவகை நோக்கத்தோடு வந்தவர் என்றும், அவருள் யார் எத்தகையர் என்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியும் என்றும் அவர் வெளிப்படையாக எழுதினார். தலைவரி நீங்கும், ஊழியம் ஒழியும், துரைமார் துணை கிடைக்கும் என்னும் ஆசையால் வந்தவர் பலர். இதனைச் சொல்லிக்காட்டி, “சோற்றுக்கு மாறினார், துணிக்கு மாறினார்” என்று எள்ளுவார் அக்காலத்தும் இருந்தனர், இன்றும் உளர். எமக்குத் தோன்றுவது வேறு. முதுகில் அடி விழும்பொழுது அடியில்லாத இடம் தேடுவது மனித இயற்கை. ஒருவன் எதற்காக ஒரு சமயத்துள் வந்தான் என்பது ஒரு வினா. அவன் தேடி வந்தது கிடைக்காதபொழுதும், வந்ததனாலேயே அடி இரட்டிப்பானபொழுதும் ஏன் நின்றான் என்பது மற்றொரு வினா. தென்திருவாங்கூரின் வரலாறு இரண்டாம் வினாவுக்கு உரியது.

ரிங்கல்தௌபே போனபின் ஏறக்குறைய இரண்டாண்டு சபையைக் காத்தவர் வேதமாணிக்கமே. 1818-ல் சார்லஸ் மீட் வந்தார். 1819-ல் மால்ட் தம் மனைவி மார்த்தாளோடு வந்தார். நாகர்கோவில் மிஷனின் தலைமையிடம் ஆயிற்று. பள்ளிகள் தோன்றின, ஓர் அச்சுக்கூடம் அமைந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர்.

அப்போதைய ரெசிடெண்டு கர்னல் மன்றோ கிறிஸ்தவர்களுக்கு இரண்டு சலுகைகளைப் பெற்றுத் தந்திருந்தார். ஒன்று, ஞாயிற்றுக்கிழமையில் ஊழியத்துக்கு அழைக்கப்படாமையும் கோயில் வேலையினின்று விடுதலையும். மற்றொன்று, கிறிஸ்தவரான பெண்டிர் மார்பை மூடிக்கொள்ளலாம் என்பது. ஆனால் 1814-ம் ஆண்டின் அரசாணை அம்மூடுதலுக்கு ஓர் எல்லை இட்டது. சிரியன் கிறிஸ்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயம் அணியலாம்; மேற்குலப் பெண்டிர் இடும் தோள்சீலை மட்டும் ஆகாது. மிஷனெரிமாரின் மனைவியர் தொளதொளத்த குப்பாயங்களைத் தைத்துக் கொடுத்தனர். பெண்கள் அதனை வாங்கி அணிந்தனர். பிறகு, அதற்குமேல் ஒரு சீலையையும் தோளில் இட்டுக்கொண்டனர்! ஆணையிட்டவரும் கேட்கவில்லை, குப்பாயம் தைத்தவரும் சொல்லவில்லை; அவர்களே அதனைச் செய்தனர். மானத்தை மறைக்கத் துணி போதும். சமம் என்று காட்டத் தோள்சீலை வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

கலகம் 1822-ல் கல்குளம், இரணியல் பக்கங்களில் தொடங்கிற்று. சந்தையிலும் வழியிலும் பெண்களின் குப்பாயங்கள் கிழிக்கப்பட்டன. மீட் ஐயர் வழக்குக் கொண்டுசெல்ல, 1823-ல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்டிர் மார்பை மூடலாம் என்று தீர்ப்பளித்தது. (கிறிஸ்தவப் போதகரை ஐயர் என்பது அப்பக்கத்து வழக்கு, நேயர்கள் மயங்கற்க.) தீர்ப்பு ஏட்டிலே கிடந்தது. 1827 முதல் கலகம் முன்னினும் கொடிதாய் எழுந்தது. சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. உபதேசியார்கள் பிடிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டனர். ஞாயிறு என்றும் பாராமல் மக்கள் வேலைக்கு இழுக்கப்பட்டனர். 1829-ம் ஆண்டு பிப்ரவரி 3-ம் தேதி ராணி கௌரி பார்வதி பாயி வெளியிட்ட விளம்பரம், சாணார் பெண்டிர் தோள்சீலை இடுதல் தகாது என்றும், குப்பாயம் மட்டும் அணியலாம் என்றும், ஊழியம் முன்போல் செய்தல்வேண்டும், ஞாயிறு மட்டும் விலக்கு என்றும் விதித்தது.

அஃதாவது, வந்தவர்கள் எதனை நாடி வந்தனரோ அதில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. வரி போகவில்லை, ஊழியம் போகவில்லை, துணியில் பாதியே கிடைத்தது. துரைமார் துணையும் எப்பொழுதும் கைகொடுப்பதன்று என்பது தெளிவாயிற்று. ஆதாயம் ஒன்றையே கருதியவர்க்கு இனி அங்கே இருக்கக் காரணம் இல்லை. சபையோ அழியவில்லை, வளர்ந்தது. எதனால்?

எமக்குத் தெரிந்த விடை சிறியது. அம்மக்களுக்குக் கிடைத்தவற்றுள் ஒருவராலும் திரும்பப் பறிக்கவொண்ணாதவை சில இருந்தன. ஞாயிறு என்னும் ஒரு நாள். ஏழு நாளும் பிறர்க்கு உரியனவாயிருந்த வாழ்க்கையில் ஒரு நாள் தமக்கென்று வந்தது. பெயர் ஒன்று. எழுத்து ஒன்று, தாய் படியாவிடினும் மகள் பள்ளிக்குச் சென்று வேதவாசகத்தைப் படித்துக் காட்டுவாள். கூடி அமர ஓர் ஓலைக்கூரை. அது எரிக்கப்பட்டால், பனையோலை பஞ்சமில்லாத நாட்டில், வேறொரு கூரை. உலைக்கு இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து ஆலயத்துக்கென்று தனிக்கலத்தில் இட்டுவைக்கும் பிடியரிசிக் காணிக்கை தென்னாட்டுச் சபைகளின் வழக்கம். பிறர்க்கு வரி செலுத்தியே பழகிய கை, கேட்பாரின்றித் தானாகக் கொடுக்கப் பழகிற்று. இவ்வாறாகவே, துணிக்காக வந்த நம்பிக்கை துணி கிடையாதபொழுதும் நிற்கும் நம்பிக்கை ஆயிற்று.

மேலே சொன்ன ஊழியம் என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். திருவாங்கூர் அரசின் கணக்கிலே ஊழியம் என்பது கூலியில்லா வேலை. தமிழ் வேதாகமத்திலும் கிறிஸ்தவர் பேச்சிலுமோ ஊழியம் என்பது கடவுளுக்குச் செய்யும் திருப்பணி. போதகரும் உபதேசியாரும் ஊழியக்காரர். தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் இருந்தோர் அச்சொல்லைத் திருப்பணிக்கு வழங்கியபொழுது இவர்களை நினைத்திரார். ஆனால் வாரம் முழுவதும் ஒரு ஊழியத்தைச் செய்து முதுகு கூனிய பனையேறி, ஞாயிறன்று ஆலயத்தில் அமர்ந்து, தன்னையும் ஊழியத்துக்கு அழைப்பதாகச் சொல்லப்படும் வேறொரு ஆண்டவரைப்பற்றிக் கேட்டபொழுது, அச்சொல் அவன் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்! சென்னையிலும் காஞ்சியிலும் இருப்போர்க்கு அச்சொல்லின் முழுப்பொருள் எட்டாது.

பெண்களின் பங்கைத் தனியே சொல்லவேண்டும். மார்த்தாள் மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்குப் பள்ளி வைத்து, அதனோடு லேஸ் என்னும் நூற்பின்னல் வேலையும் கற்பித்தார். அப்பள்ளியில் அடிமைப் பெண்களும் இருந்தனர். திருவாங்கூரில் அடிமைமுறை 1855-ல்தான் அரசாணையால் முழுதும் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, லேஸ் பின்னி ஈட்டிய பொருளால் தம்மைத்தாமே விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கு உண்டு. நூலின் பெருமை பேசுவது நம் இதழ்க்கு வழக்கம். ஒருத்தி நூலைப் பின்னித் தன் உடலையே மீட்டாள் என்பதற்கு மேற்பட்ட பெருமை நம் பட்டுக்கும் சரிகைக்கும் உண்டோ என்று எண்ணிப் பார்க்கின்றோம். நாகர்கோவில் லேஸ் பின்னர்க் கடல்கடந்து விலைபோயிற்று. மிஷனின் பெண்பள்ளிகளுக்கு அதுவே வருவாயும் ஆயிற்று.

இத்துன்பத்தை எதிர்த்து நின்றவர் கிறிஸ்தவர் மட்டுமே என்று எழுதினால் அது பிழையாகும். அதே நாட்டில், அதே குலத்தில் 1809-ல் பிறந்த வைகுண்ட சுவாமிகள், மதம் மாறாமலே, தம்மை அடைந்தவரைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச்செய்தார், சிறையும் இருந்தார். 1851-ல் மறைந்த அவர் வழியினர் இன்றும் பதிகளில் தலைப்பாகையோடே வணங்குகின்றனர். ஒரே நோய்க்கு ஒரே ஊரில் இரண்டு மருந்துகள் பிறந்தன. மிஷனெரிமார் அவரைப்பற்றி நல்லெண்ணத்தோடு எழுதவில்லை. அது அவர்தம் குறை.

மற்றொரு பக்கம் கத்தோலிக்கச் சபையார் போற்றும் தேவசகாயம் அவர்களின் வரலாறும் இந்நிலத்ததே. நட்டாலத்தில் 1712-ல் மேற்குலத்தில் பிறந்து, மார்த்தாண்டவர்மன் அரண்மனையில் பணிசெய்து, குளச்சல் போரில் பிடிபட்ட ஒல்லாந்துத் தளபதி டிலனாயின் நட்பால் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, மூன்றாண்டுச் சிறைக்கும் அவமானத்துக்கும் பின் 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022-ம் ஆண்டு மே 15-ம் தேதி ரோமாபுரியில் அவர்க்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அவர் பெயரின் பின்னிருந்த பிள்ளை என்னும் குலப்பட்டத்தை நீக்கியே வழங்கினர். சாதிச் சங்கத்து இதழில் இதனைக் குறிப்பது சிலர்க்கு நகைப்பாகலாம். குறித்தே வைக்கின்றோம்.

இனி 1858-ம் ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 1-ம் தேதி விக்டோரியா ராணியார் விளம்பரம் வெளிவந்தது. குடிகளின் சமயத்தில் அரசு தலையிடாது என்பது அதன் கருத்துக்களுள் ஒன்று. பழைய வழக்கம் காக்கப்படும் என்று ஒரு சாராரும், தத்தம் சமயப்படி உடுக்கத் தடையில்லை என்று மற்றொரு சாராரும் அதற்குப் பொருள் கொண்டனர். ஒரே எழுத்தை இருவர் படித்தால் இரண்டு அர்த்தம் என்பது எல்லா விளம்பரங்களுக்கும் உள்ள விதி. டிசம்பர் 27-ல் திவான் மாதவராவ், சாணார் பெண்டிர் பழைய வழக்கத்தை மீறலாகாது என்றும், அதன்பொருட்டு மேற்குலத்தார் தாமே கைநீட்டலாகாது என்றும் ஓர் ஆணை வெளியிட்டார். முற்பாதியைக் கேட்டவர் பிற்பாதியைக் கேட்கவில்லை. 1859 ஜனவரியில் கலகம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் மூண்டது. வீடுகள் கொள்ளைபோயின. ஆலயங்களும் பள்ளிக் கொட்டகைகளும் மறுபடி எரிந்தன. பெண்கள் நடுத்தெருவில் துகிலுரியப்பட்டனர்.

திரௌபதியின் துகிலுரி படலத்தைத் தெருக்கூத்தாகக் கண்டு கண்ணீர் விடும் நாடு நம்முடையது. கூத்திலே கண்ணன் துணி வளர்த்தான். தென்திருவாங்கூர்ப் பெண்களுக்கோ, உரிந்ததை உரியவிட்டு மறுநாள் வேறொன்றை எடுத்து உடுத்திக்கொண்டு வெளியே வருவதொன்றே வழியாயிருந்தது. அதனை அவர்கள் செய்தனர். முப்பத்தேழு ஆண்டுகளில், 1822-ல் சிறுமியாயிருந்தவள் 1859-ல் பேரப்பிள்ளை எடுத்திருப்பாள். பாட்டியும் பேத்தியும் ஒரே சண்டையில் நின்றனர். விசுவாசத்தில் வளர்தல் என்பதை யாம் இதனினும் தெளிவாகக் காட்டவல்லேம் அல்லேம். போதகர் ஆலயத்தில் சொன்னதைப் பெண்கள் சந்தைக்கு நடந்துபோய்த் திரும்பிவருவதன்மூலம் சாதித்தனர்.

மிஷனெரிமார் மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தனர். சென்னைக் கவர்னர் சார்லஸ் திரெவிலியன் திருவாங்கூர் அரசைக் கடுமையாக நெருக்கினார். 1859-ம் ஆண்டு ஜூலை 26-ம் தேதி உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா வெளியிட்ட விளம்பரம், சாணார் பெண்டிர் எச்சமயத்தவராயினும் குப்பாயம் அணியலாம் என்றும், மீனவப் பெண்டிர் போல முரட்டுத்துணியால் மார்பை மூடலாம் என்றும், ஆனால் மேற்குலப் பெண்டிர் முறையில் மட்டும் உடுக்கலாகாது என்றும் கூறிற்று. நெசவாளர் இவ்விளம்பரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். மானம் வரையில் அரசு இறங்கிவந்தது. ஆனால் நூலின் நயத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. மெல்லிய நூல் ஒரு குலத்துக்கு, முரட்டு நூல் மற்றொரு குலத்துக்கு! தறியிலே இழை எண்ணுபவன் நெசவாளன். இங்கே இழை எண்ணியது அரசு.

இதனை அடுத்து 1860, 1861 ஆண்டுகளில் பஞ்சம் வந்தது. மிஷன் கஞ்சி வார்த்தது. சபையிற் சேர்ந்தோர் தொகை மிகப் பெருகிற்று. வந்தவரெல்லாம் உள்ளன்போடு வந்தவர் என்று மிஷனெரிமாரே சொல்லவில்லை. ரிங்கல்தௌபே சொன்னபடியே, ஆண்டுகள் கழிந்த பின்னர்த் தெரியவேண்டியதாயிருந்தது.

வருத்தத்தோடு எழுதவேண்டிய பகுதியும் உண்டு. அடிமைமுறை ஒழிந்தபின் புலையரும் பறையரும் மிகுதியாகச் சபையிற் சேர்ந்தனர். தோள்சீலைக்காக அடிபட்டவருள் பலர், இவர்கள் தம்மோடு ஒரே பாயில் அமர்வதைப் பொறுக்கவில்லை. தனியிடம், சில ஊர்களில் தனி ஆலயம் என்று ஆயிற்று. அச்சபைக்கு வித்திட்ட வேதமாணிக்கமே சாம்பவர் என்பதை எண்ணுக. சபையின் தலைவர்களும் இதில் தூயவர் அல்லர். மேலே சொன்ன மீட் ஐயர், மனைவியை இழந்தபின், 1850-களின் தொடக்கத்தில் பறையர் குலத்திற் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண்மணி ஒருவரை மணந்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் உடனுழைத்த வெள்ளையர் அவரைப் புறக்கணிக்க, மிஷனைவிட்டு விலகினார். பிறகு திருவாங்கூர் அரசின் பள்ளிகளை மேற்பார்வை செய்து, 1873-ல் காலமானார். தோள்சீலைக்காக அரசோடு வழக்காடியவர்க்குத் தம்மவரிடத்தே தோல்வி! புறத்திலிருந்து வந்த துன்பம் சபையை வளர்த்தது. அகத்தில் இருந்த இந்நோய் அதனை வளர்த்தது என்று ஒருவரும் சொல்லார். நம் குலத்தாரும் உயர்வு கேட்டு விண்ணப்பங்கள் எழுதியவர்களே. நமக்குக் கீழ் என்று யாரை வைத்திருந்தோம் என்பதை அவரவர் தம் தெருவை நோக்கிக் கண்டுகொள்க.

அக்காலத்துத் தென்திருவாங்கூர்ச் சபைகள் 1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ம் தேதி தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. முரட்டுத்துணி விதியை நடைமுறையில் ஒழித்தவர் அதனை நாளடைவிலே பொருட்படுத்தாது விட்ட பெண்களே. எழுத்திலே மட்டும் சண்டை ஓயவில்லை. ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் ஆடையின் சமூக வரலாறு என்னும் பாடத்தில் இச்செய்தி இருந்தது. அதனைக் குறித்து வழக்கும் எதிர்ப்பும் எழ, 2016-ல் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதியைப் பரீட்சைக்கு வேண்டாம் என்றது. 2019-ல் பாடமே நீக்கப்பட்டது. அப்பெண்களை இழிவுபடுத்தும் செய்தி என்று கருதி எதிர்த்தாரும் உளர். அவர் மனநோவு பொய்யன்று. ஆனால் இழிவு துணியைப் பறித்தவர்க்கே அன்றி உடுக்க முனைந்தவர்க்கு எங்ஙனம் ஆகும் என்பது எமக்கு விளங்கவில்லை.

2023-ம் ஆண்டு மார்ச் 6-ம் தேதி, தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலினும் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் அமர்ந்தனர். அந்நாகர்கோவிலிலேதான் மார்த்தாள் அம்மையாரின் பள்ளியில் அடிமைச் சிறுமியர் அமர்ந்து லேஸ் பின்னினர்.